இரைப்பைப் புற்றுநோயும் பிறபொருளெதிரி வைத்தியமும்

1881ஆம் ஆண்டு சனவரி மாதம் 29ஆம் நாள். வியன்னா நகரத்திலே தெரேசா ஹெல்லர் என்னும் 43 வயதுப் பெண்மணி சத்திரசிகிச்சை மேசையிலே கிடத்தப்பட்டிருந்தார். உண்ட உணவு எதுவும் அவர் வயிற்றில் தங்கவில்லை. இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குச் செல்லும் வாயிலைப் புற்றுக்கட்டி ஒன்று அடைத்திருந்தது. நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சிய இரைப்பையைச் சிறுகுடலோடு பொருத்தித் தைத்தார் பேராசிரியர் தியோடர் பில்ரோத். அவருக்கு முன்னர் 1879இலே பாரிஸ் நகரத்துப் பெயானும், 1880இலே போலந்து நாட்டவரான ரைடிகியரும் இம்முயற்சியிற் புகுந்து தோற்றிருந்தனர். அவர்களுடைய நோயாளிகள் சில நாட்களுக்குள் இறந்தனர். பில்ரோத்தின் நோயாளியோ எழுந்தார், உணவு கொண்டார், வீடு திரும்பினார். இரைப்பைப் புற்றுக்கு எதிராகச் சத்திரசிகிச்சை பெற்ற முதல் வெற்றி அதுவே.

அவ்வெற்றி நான்கு மாதங்களே நிலைத்தது. அதே ஆண்டு மே மாதத்திலே தெரேசா ஹெல்லர் இறந்தார். தைத்த இடத்திலே குறை எதுவும் இருக்கவில்லை. புற்றானது கட்டியைக் கத்தி தொடுவதற்கு முன்னரே அங்கிருந்து புறப்பட்டு ஈரலை அடைந்திருந்தது.

இரைப்பைப் புற்றுநோய் வைத்தியத்தின் வரலாறு முழுவதும் அந்த நான்கு மாதங்கள் எழுப்பிய வினாவுக்கு விடை தேடிய வரலாறு என்று கூறலாம். கண்ணுக்குத் தெரியும் கட்டியை வெட்டி அகற்றலாம். கண்ணுக்குத் தெரியாது உடலெங்கும் சிதறிய கலங்களை எவ்வாறு தேடிப் பிடிப்பது?

இந்நோய் பரவும் வழிகள் பல. இரைப்பையைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு அது முதலிற் செல்லும். இரைப்பையின் குருதி ஈரலுக்கே வடிவதால், அக்குருதியோடு கலந்து ஈரலை அடையும். இரைப்பைச் சுவரைத் துளைத்து வெளிப்பட்டு, வயிற்றறையை உள்ளே போர்த்திருக்கும் மெல்லிய சவ்விலே விதைபோல் தூவப்படுவதும் உண்டு. ஆரம்பத்திலே நோய் தரும் குறிகளோ அற்பமானவை. சிறிது அசீரணம், சிறிது பசியின்மை. அவற்றைப் பொருட்படுத்தாதிருப்பது மனித இயல்பு. ஆகவே, வைத்தியரிடம் வருமுன்னரே பலருக்கு நோய் பரவிவிடுகின்றது.

பரவுதலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை இலண்டன் நகரத்துச் சத்திரசிகிச்சையாளரான ஸ்டீவன் பேஜற் 1889இலே எடுத்துக்காட்டினார். மார்புப் புற்றினால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். புற்றுக் கலங்கள் காற்றில் அள்ளுண்ட தூசிபோல் எங்கும் ஒரேயளவிற் படிவதில்லை. சில உறுப்புகளிலே அவை மிகுதியாக முளைக்கின்றன. விதை எத்திசையிலும் செல்லலாம், ஆயினும் தனக்கு ஏற்ற நிலத்திலேதான் முளைக்கும் என்று அவர் விளக்கினார். ஆயினும் விதையைக் கண்டறிந்து அழிக்கும் கருவி அக்காலத்திலே எவரிடமும் இருக்கவில்லை.

அக்கருவி புற்றுநோய் வைத்தியத்தோடு தொடர்பில்லாத ஓரிடத்திலே பிறந்தது. பேர்லின் நகரத்திலே றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் எமில் பெஹ்ரிங் என்னும் ஜேர்மானியரும், ஷிபசாபுரோ கிற்றசாற்றோ என்னும் யப்பானியரும் பணியாற்றினர். ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஆகிய நோய்களின் நஞ்சைச் சிறுகச் சிறுகப் பெற்று அதனை வென்ற விலங்கின் குருதித் தெளிநீர், வேறொரு விலங்கையும் அந்நஞ்சிலிருந்து காக்கின்றது என்பதை அவர்கள் 1890இலே கண்டனர். குருதியிலே நஞ்சைத் தேடிப் பற்றும் பொருள் ஒன்று உண்டாகியிருந்தது. அதுவே பின்னர் பிறபொருளெதிரி எனப்பட்டது. குதிரையின் குருதித் தெளிநீரினாலே தொண்டைக்கரப்பன் கண்ட குழந்தைகள் பலர் உயிர் பிழைத்தனர். 1901இலே வைத்தியத்துக்கான முதலாவது நோபல் பரிசு பெஹ்ரிங்குக்கு வழங்கப்பட்டது.

அவரோடு பழகிய போல் எர்லிக் இன்னும் தொலைவிலே நோக்கினார். பூட்டுக்குத் திறவுகோல் போலப் பிறபொருளெதிரி தன் இலக்கோடு மட்டும் பொருந்துகின்றது. அவ்வாறாயின், நோயை மட்டும் தாக்கி உடலைத் தீண்டாது விடும் மருந்தும் ஆக்கத்தக்கதே என்பது அவர் எண்ணம். அதனை அவர் மந்திரக் குண்டு என்றார். வேட்டைக்காரன் எத்திசையில் எய்தாலும் குறித்த விலங்கையே தேடிச் செல்லும் குண்டு பற்றிய கதை ஜேர்மனியிலே வழங்கியது.

அக்குண்டைப் புற்றின்மேல் எய்து பார்ப்பதற்கு மனிதர் நெடுங்காலம் காத்திருக்கவில்லை. 1895இலே பாரிஸ் நகரத்தில் ஏரிக்கூர், ரிஷே என்னும் இருவர், நோயாளி ஒருவரின் புற்றிழையத்தை நாய்களுக்கும் ஒரு கழுதைக்கும் ஏற்றி, அவ்விலங்குகளின் குருதித் தெளிநீரைப் புற்றுநோயாளருக்குக் கொடுத்தனர். சிலருக்கு நன்மை தோன்றியதென அறிவித்தனர். ஆயினும் எவருக்கும் குணம் நிலைக்கவில்லை.

அத்தோல்விக்குக் காரணங்கள் இரண்டு. தொண்டைக்கரப்பனின் நஞ்சு வெளியிலிருந்து வந்த பகை. புற்றுக் கலமோ உடலின் சொந்தக் கலமே. நெறி பிறழ்ந்த பிள்ளை போன்றது. அதனை அயலானென்று காட்டும் அடையாளம் மிகச் சிறிது. இரண்டாவது காரணம், விலங்கின் குருதித் தெளிநீரிலே எண்ணிறந்த வகைப் பிறபொருளெதிரிகள் கலந்திருந்தமை. அவற்றுள் வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. விலங்குப் புரதத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதும் ஆபத்தானது. உடல் அயற்பொருளை வெறுத்துக் கொந்தளிக்கும் அந்நிலையை ஆராய்ந்ததற்காகவே ரிஷே 1913இலே நோபல் பரிசு பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விரு தடைகளையும் நீக்க எண்பது ஆண்டுகள் சென்றன. பிறபொருளெதிரியின் அமைப்பை இங்கிலாந்திலே றொட்னி போட்டரும் அமெரிக்காவிலே ஜெரல்ட் எடல்மனும் தெளிவாக்கி, 1972இலே நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். கவட்டைத் தடி போன்ற வடிவமுடையது அப்புரதம். கவட்டின் இரு நுனிகளும் இலக்கைப் பற்றுகின்றன. அடித்தண்டானது உடலின் ஏனைய காவற் படைகளை அவ்விடத்துக்கு அழைக்கின்றது.

அடுத்த பெருங்காரியம் கேம்பிரிட்ஜிலே நிகழ்ந்தது. பிறபொருளெதிரியை உண்டாக்கும் கலம் உடலுக்கு வெளியே நெடுநாள் வாழாது. அதே வகைக் கலத்திலே தோன்றும் ஒருவகைப் புற்றுக் கலமோ கண்ணாடிப் பாத்திரத்திலும் முடிவின்றிப் பெருகும். ஆர்ஜென்டீனாவிற் பிறந்த சேசர் மில்ஸ்ரைனும், ஜேர்மனியிலிருந்து வந்த ஜோர்ஜ் கோலரும் சுண்டெலியின் மண்ணீரற் கலத்தையும் அப்புற்றுக் கலத்தையும் ஒன்றாய் இணைத்தனர். தாய்வழியிற் கைத்திறனும் தந்தைவழியில் நீண்ட ஆயுளும் பெற்ற பிள்ளைபோல, அக்கலப்புக் கலம் ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரியை அளவின்றிச் சுரந்தது. 1975இலே அவர்கள் இதனை வெளியிட்டனர். தங்கள் முறைக்குக் காப்புரிமை எதுவும் அவர்கள் பெறவில்லை. உலகத்து ஆய்வுகூடங்கள் யாவும் அதனைத் தடையின்றிக் கைக்கொண்டன. புற்றுநோயின் ஆற்றலையே எடுத்துப் புற்றுக்கு எதிரான ஆயுதம் வடித்த இச்செயலுக்கு 1984இலே நோபல் பரிசு கிடைத்தது.

சுண்டெலியின் புரதத்தை மனித உடல் நெடுங்காலம் பொறுக்காது. எனவே, பற்றும் நுனியை மட்டும் சுண்டெலியிடமிருந்து எடுத்து, எஞ்சியதை மனிதப் புரதமாக ஆக்கும் வழியைக் கேம்பிரிட்ஜிலே கிரெகரி வின்ரர் குழுவினர் 1986இலே காட்டினர். ஆயுதம் ஒருவாறு ஆயத்தமாயிற்று. இலக்கு எது என்பதே எஞ்சிய வினா.

அதே 1986ஆம் ஆண்டிலே யப்பானிய விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட ஓர் இரைப்பைப் புற்றுக் கலவழியிலே, பின்னர் ஹேர்-2 என்று பெரிதும் பேசப்பட்ட பரம்பரையலகு பன்மடங்காகப் பெருகியிருந்தது. வளர்ச்சிக்கான கட்டளையைக் கலத்தின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே செலுத்தும் புரதத்தை ஆக்குவது அது. ஓரிரு காவலர் நிற்கவேண்டிய வாயிலிலே நூற்றுவர் நின்று, வளர்க வளர்க என்று கூவுவதை ஒத்தது அந்நிலை. மறு ஆண்டிலே கலிபோர்னியாவில் டெனிஸ் ஸ்லேமன், மார்புப் புற்றிலும் அவ்வலகு பெருகியோருக்கு நோய் கடுமையாகின்றது எனக் காட்டினார். அப்புரதத்தைப் பற்றும் ட்ராஸ்ருசுமாப் என்னும் பிறபொருளெதிரி 1998இலே மார்புப் புற்றுக்கு மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

இரைப்பைப் புற்று நோயாளரோ மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர். 24 நாடுகளைச் சேர்ந்த 594 நோயாளரைக் கொண்டு நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவைத் தென்கொரியாவின் பாங் யுங்-ஜூவும் பிறரும் 2010இலே வெளியிட்டனர். வழமையான இரசாயன மருந்துகளை மட்டும் பெற்றோருள் சரிபாதியினர் 11.1 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். பிறபொருளெதிரியையும் சேர்த்துப் பெற்றோரிடத்து அக்காலம் 13.8 மாதங்களாயிற்று. பரவிய இரைப்பைப் புற்றிலே ஒரு பிறபொருளெதிரி ஆயுளை நீட்டியது அதுவே முதல் முறை.

அப்பரிசோதனை இரண்டு பாடங்களைப் புகட்டியது. சோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேரிடமே ஹேர்-2 அடையாளம் மிகுந்திருந்தது. ஏனையோருக்கு அம்மருந்தினாற் பயனில்லை. ஆகவே, மருந்தைத் தேர்வதற்கு முன் கட்டியின் அடையாளத்தைத் தேர்ந்தறிதல் இன்றியமையாததாயிற்று. மேலும், இரைப்பைக் கட்டியிலே அடையாளம் எங்கும் சமமாய் இராது. ஒரு மூலையிலே செறிந்தும் மறு மூலையிலே இல்லாதும் இருக்கும். ஓரிடத்துத் துணுக்கை மட்டும் எடுத்துச் சோதித்தால் உண்மை தவறலாம். எனவே பல இடங்களிலிருந்து துணுக்கெடுக்க வைத்தியர் பழகினர்.

இவ்வரலாற்றிலே தோல்விகளுக்கும் உரிய இடம் உண்டு. புற்றுக்கட்டி வளரப் புதிய குருதிக்குழாய்கள் வேண்டும். அவற்றைத் தடுத்தால் கட்டி வாடும் என்று அமெரிக்கரான யூடா போக்மன் 1971இலே கூறினார். அக்கருத்தில் எழுந்த பெவாசிசுமாப், இரைப்பைப் புற்றிலே ஆயுளை உறுதியாக நீட்டவில்லை என 2011இலே அறியப்பட்டது. அதே வழியில் வந்த ராமுசிருமாப் 2014இலே ஏற்கப்பட்டது. ஆயினும் அதனைத் தனித்துப் பெற்றோரிடத்து 3.8 மாதமாயிருந்த காலம் 5.2 மாதமாக மட்டுமே உயர்ந்தது.

பரவுதலையே நேரே குறிவைத்த முயற்சியின் கதை இன்னும் துயரமானது. கலங்களை ஒன்றைவிட்டொன்று பிரிந்து நகரச் செய்யும் காரணி ஒன்று 1980களிலே கண்டுபிடிக்கப்பட்டது. சிதறச் செய்வது என்னும் பொருள்படவே அதற்கு ஒரு பெயரும் இடப்பட்டது. அக்காரணியைப் பற்றித் தடுத்தால் பரவுதல் நிற்கும் என்பது எவரும் ஏற்கத்தக்க எண்ணமே. அதன்படி ஆக்கப்பட்ட ரிலொருமுமாப் என்னும் பிறபொருளெதிரி 609 நோயாளரைக் கொண்ட பரிசோதனைக்கு வந்தது. மருந்தைப் பெற்றோரிடையே மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தமையால் 2014இலே மருந்து நிறுத்தப்பட்டது. நியாயமான எண்ணம் என்பதற்காக நோய் அதற்குப் பணிந்துவிடாது. பரிசோதனை இல்லாது நம்பிக்கையினால் மட்டும் அம்மருந்து வழங்கப்பட்டிருப்பின் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோயைத் தாக்காது காவற் படையைத் தட்டியெழுப்பும் வழி யப்பானிலிருந்து வந்தது. கியோற்றோ நகரத்திலே தசுகு ஹொஞ்ஜோவின் ஆய்வுகூடத்தார் 1992இலே பீ.டி.-1 என்னும் புரதத்தை அறிவித்தனர். நிர்ப்பீடனக் கலங்கள் அளவுமீறிப் போரிடாதவாறு கட்டுப்படுத்தும் கடிவாளம் அது எனப் பின்னர் தெளிவாயிற்று. புற்றுக் கலங்கள் அக்கடிவாளத்தைத் தந்திரமாகப் பிடித்திழுத்துத் தப்புகின்றன. அப்பிடியை நிவொலுமாப் என்னும் பிறபொருளெதிரி விடுவிக்கின்றது. ஏனைய மருந்துகள் யாவும் கைவிட்ட 493 நோயாளரிடம் ஆசியாவிலே இது பரிசோதிக்கப்பட்டது. ஓராண்டின் பின் உயிரோடிருந்தோர், மருந்தில்லாத தொகுதியில் நூற்றுக்கு 11 பேர். மருந்து பெற்ற தொகுதியில் 26 பேர். 2017இலே இம்முடிவு வெளியாயிற்று. மறு ஆண்டு ஹொஞ்ஜோ நோபல் பரிசு பெற்றார்.

எர்லிக் கண்ட கனவும் இக்காலத்திலேயே உருப்பெற்றது. பிறபொருளெதிரியோடு கொல்லும் மருந்தைப் பிணைத்து அனுப்பினால், அது கலத்தினுட் புகுந்து அங்கே மருந்தை அவிழ்க்கும். இவ்வகையில் இரைப்பைப் புற்றுக்குச் சோதிக்கப்பட்ட ஒரு மருந்து 2017இலே பழைய மருந்தைவிடச் சிறந்ததன்று எனக் காணப்பட்டது. யப்பானிலே ஆக்கப்பட்ட ட்ராஸ்ருசுமாப் டெருக்ஸ்ரிக்கான் 2020இலே வெற்றி கண்டது. முந்திய மருந்துகள் பயனற்றுப்போன ஹேர்-2 நோயாளரிடத்து அது 8.4 மாதத்தை 12.5 மாதமாக உயர்த்தியது. சிலருக்கு நுரையீரலிலே கடும் அழற்சி உண்டாக்கும் அபாயமும் அதற்கு உண்டு.

இரைப்பைக்கே உரிய இலக்கு ஒன்று கிடைத்த கதை தனியே கூறத்தக்கது. இழையத்திலே அடுத்தடுத்துள்ள கலங்களை இடைவெளியின்றித் தைத்து வைக்கும் புரதங்களை யப்பானியரான ஷொயிச்சிரோ சுகிற்றா 1998இலே இனங்கண்டார். மூடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று அவற்றுக்குக் குளோடின் எனப் பெயரிட்டார். அவற்றுள் 18.2 என்னும் இலக்கமுடையது நலமுள்ள உடலிலே ஏறக்குறைய இரைப்பையின் உட்படலத்திலே மட்டும் காணப்படுகின்றது. அங்கே அது கலங்களின் இடுக்கிலே மறைந்து கிடப்பதால் பிறபொருளெதிரி அதனை அணுகுதல் அரிது. புற்று உண்டானபோது கலங்களின் வரிசை குலைகின்றது, தையல் பிரிகின்றது, மறைந்திருந்த புரதம் வெளியே தெரிகின்றது. பரவிச் சென்ற கலங்களும் அவ்வடையாளத்தைச் சுமந்தே செல்கின்றன.

ஜேர்மனியின் மைன்ஸ் நகரத்திலே உகுர் சாகின், ஒஸ்லம் துரேசி என்னும் துருக்கிய வழித்தோன்றல்களான வைத்தியத் தம்பதியர் இதனை 2008இலே எடுத்துக்காட்டி, சொல்பெருக்சிமாப் என்னும் பிறபொருளெதிரியை ஆக்கும் பணியிலே முன்னின்றனர். 565 நோயாளரைக் கொண்டு நடந்த பரிசோதனை 2023இலே வெளியாயிற்று. 15.5 மாதமாயிருந்த காலம் 18.2 மாதமாயிற்று. 2024 மார்ச் மாதத்திலே யப்பானும், அக்டோபர் மாதத்திலே அமெரிக்காவும் அம்மருந்தை ஏற்றன. நலமுள்ள இரைப்பையிலும் அப்புரதம் இருப்பதால், மருந்து பெறுவோருக்குக் கடும் குமட்டலும் வாந்தியும் உண்டாகின்றன.

இத்தனை ஆண்டு உழைப்பின் பயன் மாதக் கணக்கிலே அளக்கப்படுவது கண்டு சிலர் ஏமாற்றமடையலாம். பரவிவிட்ட இரைப்பைப் புற்றை முற்றாக ஒழிக்கும் பிறபொருளெதிரி இன்றளவும் இல்லை. இதனை மறைத்துப் பேசுதல் நோயாளருக்குச் செய்யும் தீங்காகும். எனினும், மாதங்கள் சிறியனவல்ல. மகளின் திருமணத்தைக் காணவும், கடன்களைத் தீர்க்கவும், சொல்லவேண்டியவற்றைச் சொல்லவும் போதிய காலம் அவை. அன்றியும், சிலர் சரிபாதிக் கணக்கைக் கடந்து பல்லாண்டு வாழ்கின்றனர்.

இப்பொழுது ஆய்வாளர் நோக்கு பில்ரோத்தின் மேசைக்கே திரும்பியுள்ளது. கட்டியை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் மருந்தளித்து, சிதறிய விதைகள் முளைப்பதற்கு முன்னரே அழிக்க முயல்கின்றனர். பீ.டி.-1 வழியோடு தொடர்புடைய துர்வலுமாப் என்னும் பிறபொருளெதிரியை இவ்வாறு 948 நோயாளரிடம் சோதித்த முடிவு 2025இலே வெளியாயிற்று. இரண்டாண்டுக் காலம் நோய் முற்றாதும் மீளாதும் உயிரோடிருந்தோர், இரசாயன மருந்தை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 58.5 ஆகவும், பிறபொருளெதிரியும் பெற்றோரில் 67.4 ஆகவும் இருந்தனர். தெரேசா ஹெல்லருக்குக் கிடைக்காத அந்தக் காவல் இன்று ஒரு பகுதியினருக்கேனும் கிடைக்கின்றது.

மருந்து இருப்பது வேறு, அது நோயாளியின் கையை எட்டுவது வேறு. இம்மருந்துகளின் விலை பல நாடுகளிலே சாதாரண குடும்பத்தின் வலுவுக்கு அப்பாற்பட்டது. ட்ராஸ்ருசுமாப்பை உலக சுகாதார நிறுவனம் 2015இலே மார்புப் புற்றுக்குரிய அத்தியாவசிய மருந்தாகப் பட்டியலிற் சேர்த்தது. அதனையொத்த மருந்துகளைப் பிற நிறுவனங்களும் ஆக்கத் தொடங்கியுள்ளன. பரவுமுன் தடுப்பதோ இவை யாவற்றினும் எளிது. அவுஸ்திரேலியரான வொரனும் மார்ஷலும் இரைப்பையிலே கண்ட ஹெலிக்கோபக்டர் என்னும் பற்றீரியா இந்நோய்க்கு முக்கிய காரணமென 1994இலே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அறிவித்தது. சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளாலே அதனை அகற்றலாம்.

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், வைத்தியத்துக்கு நான்கு பகுதிகள் கூறுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்பன அவை. நால்வகையினும் நோயுற்றவரையே அவர் முதலில் வைத்தார். இவ்வரலாற்றுக்கும் அவ்வரிசையே பொருந்தும். பெஹ்ரிங்கும் மில்ஸ்ரைனும் ஹொஞ்ஜோவும் நூல்களிலே இடம்பெற்றுவிட்டனர். தமக்குக் கிடைப்பது மருந்தா, வெறும் நீரா என்று அறியாமலே கைநீட்டியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. தீங்கு செய்த மருந்தைப் பெற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். பின்வந்தோர் பெற்ற ஒவ்வொரு மாதத்திலும் அவர்களுக்கும் பங்குண்டு.